மூன்று ரெக்டிஃபயரும் ஒரு தகரக் கொட்டகையும்

மீட்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கையிலிருக்கும் உப்புத்தாள்தான் பேசும். அந்த வெள்ளிக்கிழமை மாலை நீலப் படகின் எர்த் வயர் முனையை அவள் தேய்த்த தேய்ப்பில் செம்பு பளபளத்துப்போய், இனித் தேய்க்க அழுக்கே இல்லை என்றான பிறகும் கை நிற்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த படகுக்காரப் பெரியவர், கம்பியில் கொஞ்சம் மிச்சம் வைக்கும்படி பணிவாகக் கேட்டுப் பார்த்தார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் உடனே அக்கரையில் ஏதோ முக்கியமான காரியம் நடப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னே, கோபம் வராமல் என்ன செய்யும்? அதே படகு, அதே மோட்டார், அதே கோளாறு. மூன்றாவது தடவை.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது எப்போதும் கழுத்தில் தொங்கும் மல்டிமீட்டரால். துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகுகள் இருபத்திரண்டு. எல்லாம் பின்பக்கம் மோட்டார் மாட்டியவை. விளக்கு எரியவில்லையா, ஹார்ன் கத்தவில்லையா, செல்ஃப் எடுக்கவில்லையா, "மீட்டரம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். பதினாறு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு உட்கார ஓர் இடம் கொடுக்கத்தான் தெரியவில்லை. வேலை எல்லாம் படகிலேயே, வெயிலிலேயே. பிரித்துப் பார்க்கிற வேலை என்றால் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரின் மேசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கணவர் தையல்காரர். அது துணி வெட்டுகிற மேசை. யாருடைய வெள்ளைச் சட்டைத் துணியின் மேலோ இவள் கிரீஸ் அப்பிய ஒரு மோட்டார் காயிலை வைத்த நாளிலிருந்து மேசையின் நடுவே தையல் சாக்கட்டியால் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. போட்டபோது அவர் சிரித்துக்கொண்டேதான் போட்டார். ஆனால் அழிந்த இடத்தைத் தினமும் காலையில் புதுப்பிக்கவும் மறக்கவில்லை. பாதி மேசையில் ஒரு கால்சட்டைத் துணியை விரிக்க முடியாமல் அவர் மடித்து மடித்து வெட்டுவதைப் பார்க்கும்போது அவளுக்கு மனசு கேட்காது. கேட்காமல் என்ன செய்ய, அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

இந்த நேரத்தில்தான் படகுக்காரர் சங்கம் துறையிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே ஒரு நீள மேசை, ஒரு ஜன்னல், இரண்டு பிளக் பாயிண்ட். வருஷம் முழுக்க எல்லாப் படகையும் யார் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்குக் கொட்டகை. போட்டிக்கு உதிரிபாகக் கடைக்காரர் இருந்தார். பல்பு எரியவில்லை என்று போனாலும் "மொத்த வயரிங்கையும் மாத்திடலாம்" என்று சொல்லக்கூடிய மகானுபாவர். சங்கத்துச் செயலாளர் மீட்டரம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை பதினொரு மணிக்கு நீலப் படகில் நானே அக்கரைக்குப் போய்வருவேன், டாஷ்போர்டு முள்ளெல்லாம் ஒழுங்காக நின்றால் கொட்டகைச் சாவி உனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. அந்த மேசையை ஜன்னல் வழியாக அவள் நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள். அதன் மேல் கோடு எதுவும் இல்லை.

நீலப் படகின் கதை ஒரு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. பெரியவர் முதல்முறை கூப்பிட்டபோது டாஷ்போர்டில் ஒரு கூத்தே நடந்துகொண்டிருந்தது. ஹார்னை அமுக்கினால் பெட்ரோல் முள் எகிறிப்போய் டேங்க் நிறைந்துவிட்டது என்று சொல்லும், கையை எடுத்தால் டேங்க் மறுபடி காலி. பெரியவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏதோ வித்தை மாதிரி இரண்டு தடவை செய்துகாட்டினார். எர்த் வயர் முனை பச்சை பூத்துப்போயிருந்ததுதான் காரணம். சுரண்டி, தேய்த்து, இறுக்கினாள். அந்தக் கூத்து அன்றோடு முடிந்தது.

முடியாதது மற்றொன்று. மோட்டார் ஓடினால் வோல்ட் மீட்டர் முள் பன்னிரண்டிலிருந்து பதினான்குக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. பக்கத்தில் ஆர்பிஎம் முள்ளும் படுத்தே கிடந்தது. வேறொருவர் இதை இரண்டு கோளாறு என்று சொல்லியிருப்பார், அவளுக்கு ஒன்றுதான். மோட்டாரின் தலையில் சுற்றும் சக்கரத்துக்கு அடியில் ஒரு காயில் இருக்கிறது. அதில் பிறக்கும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது ரெக்டிஃபயர் என்கிற உள்ளங்கை அளவுப் பெட்டி. ஆர்பிஎம் முள்ளுக்குச் சேதி போவதும் அந்த இடத்திலிருந்துதான். இரண்டும் சேர்ந்து படுத்தால் பெட்டியைத்தான் விசாரிக்க வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தாள். காயில் நன்றாக இருந்தது, பெட்டி வெந்துபோயிருந்தது. புதுப்பெட்டி மாட்டியதும் இரண்டு முள்ளும் எழுந்து நின்றன. பெரியவர் அவளை வாயாரப் புகழ்ந்தார்.

எட்டே நாள். மறுபடி பெட்டி வெந்தது. இந்தத் தடவை படகிலிருந்த பல்புகளும் கருகியிருந்தன. பல்பு கருகினால் கரண்டு தறிகெட்டு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரித் தொடர்பு விட்டுப்போனால் அப்படி ஏறும். பேட்டரி முனைகளில் கையால் திருகுகிற விங் நட்டு இருந்தது. அலை ஆட்டத்தில் அது தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அவற்றைக் கழற்றிப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு லாக் நட்டு மாட்டி, ஸ்பானரால் உயிர்போகிற மட்டும் இறுக்கினாள். பையில் கிடந்த கணவரின் சாக்கட்டியை எடுத்துப் பேட்டரியின் மேலேயே தேதியையும் வோல்ட்டையும் எழுதினாள். இனி எதுவும் அசையாது என்று பெரியவரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படிச் சொல்லி அவள் மாட்டிவிட்டுப் போன இரண்டாவது பெட்டிதான் வெள்ளிக்கிழமை வெந்து கிடந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் லாக் நட்டுகள் இல்லை, பழைய விங் நட்டுகள் அசட்டுத்தனமாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டாள். துடைக்கும்போது ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார் பெரியவர். சரி, இரண்டாவது?

"அதை எடுக்கலாம்னு குனிஞ்சேன். இன்னொண்ணும் விழுந்திருச்சும்மா."

சொன்னவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மேலே ஒன்றும் கேட்காமல் மூன்றாவது பெட்டியை மாட்டினாள். மறுபடி லாக் நட்டு போட்டாள். பேட்டரியின் மேல் புதிதாக 12.5 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். பிறகு எடுத்ததுதான் அந்த உப்புத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிச் சோதனைக்கு அவள் ஒன்பது மணிக்கே துறைக்கு வந்துவிட்டாள். இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை. புத்தியில் ஒரே ஒரு யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவரின் மாப்பிள்ளையிடம் ஒரு சிவப்புப் படகு உண்டு. மாமனாரும் மருமகனும் ஒரே நாளில், ஒரே மாதிரி மோட்டார் வாங்கியவர்கள். ஒரே ஊர்த் தண்ணீரில், ஒரே நேரத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். நீலத்தில் பெட்டி பெட்டியாக வேகிறது, சிவப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. நல்லதை அளந்து பார்த்தால் கெட்டது எங்கே என்று தெரியாதா?

இரண்டு படகும் கரையில் கட்டிக் கிடந்தன. ஆள் இல்லை, ஆனால் இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. மாமனாரும் மாப்பிள்ளையும் டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: கொஞ்ச நாளாக இந்த இருவரும் கரையில் நிற்கும்போதும் மோட்டாரை நிறுத்துவதே இல்லை. கேட்டால், சூடு ஆறாமல் இருந்தால் மோட்டாருக்கு ஆயுசு என்று பெரியவர் எல்லோருக்கும் பாடம் எடுப்பார்.

சிவப்புப் படகில் ஏறினாள். வோல்ட் மீட்டர் முள் பதினான்கில் அழகாக நின்றது. பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பேட்டரியின் மேல் அவளுடைய கையெழுத்து இருந்தது. 12.5. அடியில் இரண்டு கோடு.

ஒரு நிமிஷம் அவள் தன் கண்ணையே நம்பவில்லை. லாக் நட்டைக் காணோம், விங் நட்டுகள் சிரித்தன. மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு நீலப் படகுக்குத் தாவினாள். நேற்று எழுந்து நின்ற இரண்டு முள்ளும் படுத்துவிட்டிருந்தன. மூன்றாவது பெட்டியும் போச்சு. பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், ஆடாமல் அசையாமல் துண்டால் அணைகட்டி, மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் ஒன்று உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்தாள். உப்புத்தாளுக்கும் அடங்காத கோபம், அது பையிலேயே இருந்தது. பெரியவர் மட்டும் அதைக் கவனித்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். அவர் கவனிக்காமல், மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்து படகில் ஒரு காலும் வைத்துவிட்டார்.

"ஐயா, உங்க பேட்டரியில மூணு அடுக்கு இருக்கு," என்றாள் மீட்டரம்மா. "எந்த அடுக்குல பிளஸ், எந்த அடுக்குல மைனஸ்னு கொஞ்சம் சொல்லுங்க."

பெரியவர் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாகத் திருதிருவென விழித்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார். பிறகு இருவரும் மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்து, கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன் பேட்டரியைத் துடைக்க வெளியே எடுத்திருக்கிறார். கை ஈரம். அது வழுக்கிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கூடவே குதித்தும் கிடைக்கவில்லை, சேறு விழுங்கிவிட்டது. பெரியவரின் மகள்தான் மாப்பிள்ளையின் மனைவி, துறையில் டிக்கெட் கொடுப்பவள். பேட்டரியை வார் போட்டுக் கட்டுங்கள் என்று நூறு தடவை சொன்னவள் அவள். அதைவிட மோசம், அன்று காலையில்தான் பெரியவர் அவளிடம், என் மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு பொருள் நழுவாது என்று மார்தட்டியிருந்தார். அதனால் அவளுக்குத் தெரியக் கூடாது என்று இருவரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் இருக்கிற ஒரே பேட்டரியால் நீலப் படகை ஸ்டார்ட் செய்வது. மோட்டார் பிடித்துக்கொண்டதும் விங் நட்டைத் திருகி, பேட்டரியைத் துண்டுக்குள் மறைத்துச் சிவப்புப் படகுக்குக் கைமாற்றி அதை ஸ்டார்ட் செய்வது. அப்புறம் மாலைவரை இரண்டையும் நிறுத்தவே கூடாது. காலியான பேட்டரிப் பெட்டியில் என்ன வைப்பது? கேரியர் கச்சிதமாகப் பொருந்தியது.

"மோட்டார் ஸ்டார்ட் ஆகத்தானேம்மா பேட்டரி?" என்றார் பெரியவர், கடைசியாகக் கொஞ்சம் மிச்சமிருந்த நியாயத்தோடு. "ஓட ஆரம்பிச்சுட்டா அது சும்மா உக்காந்துதானே வருது?"

"சும்மா உக்காரலைங்க ஐயா. காயில்ல வர்ற கரண்டை வாங்கிக்கிற வாய் அது. வாயை எடுத்துட்டா ஊட்டற கை எங்க கொட்டும்? என் பெட்டி மேல கொட்டும், உங்க பல்பு மேல கொட்டும். மூணு பெட்டி! ஒரு மாசமா நான்தான் வேலை தெரியாதவள்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு இறங்கலை."

இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய்க் கேரியரையே அவர் மேசையில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க இவர்கள் தலையில் போய்விடும். ஆனால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி கைகட்டி நின்ற மாமனாரையும் மருமகனையும் பார்த்தபோது, அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது. மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார் பெரியவர். சொல்ல மாட்டேன் என்றாள். சொன்ன பிறகுதான், அந்த வாக்கு கொட்டகைக்கு எவ்வளவு தூரம் உலை வைக்கும் என்று யோசித்தாள்.

யோசிக்க நேரமில்லை. பையில் கடைசியாக ஒரு பெட்டி இருந்தது, உடைந்த மோட்டார் ஒன்றிலிருந்து கழற்றி வைத்தது. நீல மோட்டாரை நிறுத்தி அதை மாட்டினாள். சிவப்பையும் நிறுத்தச் சொல்லி, பேட்டரியை நீலத்துக்கே கொண்டுவந்து, லாக் நட்டைப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து வாங்கி இறுக்கினாள். தண்ணீரில் விழுந்ததாகச் சொன்ன பழைய இரண்டும்கூட அதே பையில்தான் இருந்தன. இனி இந்தப் பேட்டரி பதினொரு மணிச் சோதனை முடிகிறவரை இந்தப் படகைவிட்டு அசையக் கூடாது என்றாள்.

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். பதினொரு மணிக்குச் சிவப்புப் படகுக்கும் டிக்கெட் கொடுத்தாகிவிட்டது, பேட்டரி இல்லாமல் எப்படி எடுப்பது?

அதற்கும் வழி இருந்தது. மோட்டாரோடு ஒரு ஸ்டார்ட்டிங் கயிறு கொடுப்பார்கள். மேலே உள்ள சக்கரத்தில் சுற்றி ஓங்கி இழுத்தால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி இல்லாமல் அப்படியே ஓடினால் சிவப்பின் பெட்டியும் வெந்துபோகும். அதனால் அவள் காயிலிலிருந்து பெட்டிக்குப் போகும் இரண்டு மஞ்சள் வயர்களையும் கழற்றி, தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட்டாள். கரண்டு பெட்டிக்கே போகாது, பெட்டி வேகவும் வேகாது. முட்கள் படுத்திருக்கும், படுத்திருக்கட்டும். கயிறு எங்கே என்று கேட்டதற்கு மாப்பிள்ளை இன்னும் வாடிப்போனார். அதை அவருடைய மனைவி எடுத்துக் கவுண்டர் ஷட்டரைக் கட்டப் பயன்படுத்துகிறாளாம். போய்க் கேட்டுவிட்டு, கயிறும் கையுமாகத் திரும்பி வந்தார். எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சும்மா பார்த்தாளாம்.

"அந்தப் பார்வைதான் மாமா பயமா இருக்கு," என்றார் மாப்பிள்ளை.

செயலாளர் பதினொன்றுக்குச் சரியாக வந்து டாஷ்போர்டுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படகில் அவர், பெரியவர், மீட்டரம்மா, மூன்றே பேர். பெரியவர் சாவியைத் திருப்பினார், மோட்டார் முதல் திருப்பலிலேயே பிடித்தது. பின்னால் மாப்பிள்ளை கயிற்றைச் சுற்றி இழுக்கும் சத்தமும், நாலாவது இழுப்பில் சிவப்பு மோட்டார் உறுமிய சத்தமும் கேட்டன. மீட்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் முள்ளைவிட்டு நகரவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டரை. பதின்மூன்று. பதினான்கில் போய் நின்றது. ஆர்பிஎம் முள், பெரியவர் வேகம் கூட்டக் கூட்ட ஏறி, குறைக்கக் குறைக்க இறங்கியது. செயலாளர் நம்பாமல் ஹார்னை ஏழு தடவை அமுக்கினார். பெட்ரோல் முள் ஒரு நூலிழைகூட ஆடவில்லை. பெரியவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

அக்கரையைத் தொட்டுத் திரும்பும்போது பாதி வழியில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். என்ன கோளாறு என்று கேட்டார். ரெக்டிஃபயர் என்றாள்.

"இதையேதானம்மா போன மூணு தடவையும் சொன்னே. இது நாளைக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. கவுண்டரில் இருப்பவளுக்குத் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு வார்த்தை தங்காது என்பதும் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த மேசை கண்முன் வந்தது, மடித்து மடித்துத் துணி வெட்டுகிற கணவரும் வந்தார். இனிப் போகாது சார், நான் பொறுப்பு என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு இளைத்த பதில் என்று அவளுக்கே கேட்டது. செயலாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

பெரியவர் மோட்டார் வேகத்தைக் குறைத்தார். படகு மெதுவாக மிதந்தது.

"சார், எழுதாதீங்க. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பெட்டியை வேக வச்சது நான்தான்," என்றார். அப்புறம் தண்ணீரில் போன பேட்டரி, துண்டு, விங் நட்டு, கேரியர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "வாக்குக் கொடுத்துட்டேன்னு வாயைத் திறக்காம உக்காந்திருக்கு பாருங்க. இந்தம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு எனக்கு இதுக்கு மேல படகு ஓட்ட வரலை," என்றார்.

செயலாளர் பேனாவை மூடினார். துறையில் வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா என்று கேட்டார். பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேர் வந்து என்கிட்ட யோசனை கேட்டாங்க சார். சொல்லிக் கொடுத்திருக்கேன்."

செயலாளர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். "சாவி டிக்கெட் கவுண்டர்ல தொங்குதும்மா. இறங்கினதும் முதல் வேலையா போய் வாங்கிக்க. இந்தத் துறைக்கு ஆள் இன்னிக்கே வேணும்," என்றார்.

கரையில் இறங்கியதும் மீட்டரம்மா ஓடவில்லை, ஆனால் நடந்தாள் என்றும் சொல்ல முடியாது. கவுண்டரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெரியவரின் மகள் டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டே, ஆணியில் தொங்கிய சாவியைத் தலையால் காட்டினாள். குட்டி மின்விசிறி ஒன்று அவள் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வயர் மேசைக்கு அடியில் போனது. வயரைக் கண்டால் அது எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க மீட்டரம்மாவால் முடியாது. குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் ஒரு பேட்டரி இருந்தது. படகுக்குப் போடுகிற பேட்டரி, புத்தம் புதுசு, வார் போட்டு இறுகக் கட்டியிருந்தது.

"வாங்கி மூணு வாரம் ஆச்சுக்கா," என்றாள் மகள். "அதுக்கு முன்னாடி ஒருநாள் இவரு சட்டையெல்லாம் நனைஞ்சு வந்து மழைன்னு சொன்னாரு. அன்னிக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு. தினமும் காலையில அப்பாவும் இவரும் துண்டுக்குள்ள எதையோ கைமாத்தறதை இங்கிருந்தே பார்க்கறேன். ரெண்டு பேர்ல யாரு முதல்ல வந்து சொல்றாங்கன்னு பார்க்கலாம்னு இருந்தேன். இன்னும் ஒருத்தரும் வரலை."

"அப்ப என் மூணு ரெக்டிஃபயர்?" என்றாள் மீட்டரம்மா.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டாள். மீட்டரம்மா வாயையும் ஊட்டுகிற கையையும் மறுபடி ஒருதரம் விளக்கினாள். கேட்கக் கேட்க மகளின் சிரிப்பு வடிந்தது. அவர்கள் வெறும் அசட்டுத்தனம் செய்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதனால் ஒருத்தியின் பிழைப்பே வெந்துகொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை. மின்விசிறி வயரைப் பிடுங்கினாள், வாரை அவிழ்த்தாள், கனத்த பேட்டரியை இரண்டு கையாலும் இழுத்து மேசைமேல் வைத்தாள். அதே நேரம் பெரியவரும், சிவப்புப் படகைக் கட்டிவிட்டு மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள், சொல்லிவிடுவது என்று ஒருவழியாகத் தீர்மானித்துக்கொண்டு. மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாமனாருக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"மூணு பேருமா சேர்ந்து அக்காவுக்குக் கொட்டகையைக் கழுவிக் கொடுக்கறோம்," என்றாள் மகள். "நானும் வர்றேன். வாளியை எடுங்கப்பா."

அவர்கள் வாளியோடு வருவதற்கு முன்னால் மீட்டரம்மா தனியாகப் போய்க் கொட்டகையைத் திறந்தாள். உள்ளே புதுத் தகரத்தின் சூடும் மரத்தூள் வாசனையும் இருந்தன. கழுத்திலிருந்து மீட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெந்துபோன மூன்று பெட்டிகளையும் ஒரு கம்பியில் கோத்து வாசலுக்கு நேரே ஆணியில் தொங்கவிட்டாள், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று. பிறகு மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பார்க்க யாருமில்லை, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று மாலையே தன் காயில்களையும் வயர்ச் சுருள்களையும் வீட்டு மேசையிலிருந்து வாரிக்கொண்டுபோய்விட்டாள். கணவர் ஈரத்துணியை எடுத்து நடுக்கோட்டைச் சுத்தமாகத் துடைத்தார். துடைத்துவிட்டு, நீ இல்லாமல் மேசை வெறிச்சென்று இருக்கிறது என்றார். இவ்வளவு நாள் கோடு போட்டவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள் என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். அவர் ஒரு கால்சட்டைத் துணியை மேசையின் பாதியில் மடித்து மடித்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். மறுபாதி வெறுமனே கிடந்தது.

"ஏங்க, இனி முழு மேசையும் உங்களுதுதாங்க," என்றாள்.

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெறும் பாதியைப் பார்த்தார். பழக்கமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை உதறி விரித்தார். அது மறு ஓரம்வரை போனது.